காட்டுக்கும் அன்றாடத்துக்கும் ஒரு கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

காட்டுப் பயணத்துக்கும் அன்றாடப் புழக்கத்துக்கும் சேர்த்து ஒரு கத்தி வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது 5 மி.மீ. தடிமனில், முதுகில் ரம்பப் பல்லோடு, கறுப்புப் பூச்சு பூசிய பெரிய கத்திகள்தான். பார்க்க மிரட்டலாக இருக்கும். கயிறு அறுக்க, சுள்ளி சீவ, மீன் சுத்தம் செய்ய, அட்டைப்பெட்டி திறக்க என்று கையில் எடுத்த பிறகுதான் அதன் லட்சணம் தெரியும். வெட்ட வேண்டிய இடத்தில் அது பிளக்கும்; சீவ வேண்டிய இடத்தில் வழுக்கும்.

காட்டில் ஒரு நாள் முழுக்கக் கத்தியால் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கூடார முளை கூராக்குவது, தீமூட்டச் சீவல் எடுப்பது, கயிறு, துணி, டேப் நறுக்குவது, சமையலுக்கு அரிவது. பெரும்பாலும் சின்ன வெட்டுகள். மரத்தைப் பிளக்கும் வேலை எப்போதாவது வரும். அந்த எப்போதாவதுக்காகக் கத்தியைத் தேர்ந்தெடுத்தால், தினமும் வரும் வேலைகளில் எல்லாம் அது நம்மைப் படுத்தும். ஆகவே நான் சொல்லும் வரிசை இது: முதலில் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை ஒட்டிய தடிமன், அடுத்து பிடி, பிறகு உறை, கடைசியாகத்தான் எஃகின் பெயர். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாயை ஒட்டிய தடிமன்

விளம்பரத்தில் போடும் தடிமன் முதுகின் தடிமன். கத்தி எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிப்பது அது அல்ல. வாயிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே உலோகம் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதே முக்கியம். வெட்டப்படும் பொருளுக்குள் முதலில் நுழைவது அந்தப் பகுதிதான். அது தடித்திருந்தால் வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் கத்தி ஆப்பு மாதிரி இறங்கும்.

கணக்காகவே பார்க்கலாம். முதுகு 3 மி.மீ., அலகின் அகலம் 25 மி.மீ., முதுகிலிருந்து வாய்வரை ஒரே சீராக மெலிந்து வாயருகே 0.4 மி.மீ. ஆகும் ஒரு கத்தி. வாயிலிருந்து 5 மி.மீ. மேலே அதன் தடிமன் சுமார் 0.9 மி.மீ. இன்னொரு கத்தி முதுகு 5 மி.மீ., சரிவு கீழ்ப்பகுதியில் மட்டும், அதாவது வாயிலிருந்து 15 மி.மீ. உயரத்துக்கு; வாயருகே 0.8 மி.மீ. அதே 5 மி.மீ. உயரத்தில் இதன் தடிமன் 2.2 மி.மீ. இரண்டரை மடங்கு வித்தியாசம். ஒரு கேரட்டை நறுக்கினால் முதலாவது வழவழவென்று இறங்கும். இரண்டாவது பாதி வழியில் டப்பென்று கேரட்டை உடைக்கும். கடையில் வெர்னியர் காலிப்பர் எடுத்துப்போக வெட்கப்பட வேண்டியதில்லை. வாய்ச்சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து அளந்து பாருங்கள், 0.4 முதல் 0.6 மி.மீ. என்றால் பொதுப் புழக்கத்துக்கு அருமையானது. 0.8ஐத் தாண்டினால் அது வெட்டுவதற்கு அல்ல, அடிப்பதற்குச் செய்தது.

சரிவு வகைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதுகிலிருந்து வாய்வரை தட்டையாக மெலிவது முழுத்தட்டைச் சரிவு. சமையல், கயிறு, அட்டை, தோல் என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். அன்றாடமும் காடும் கலந்த புழக்கத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். ஸ்காண்டி எனப்படும் நார்டிக் பாணிச் சரிவில், அலகின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரே அகலமான சரிவு இருக்கும். 2.5 மி.மீ. தடிமனுள்ள அலகில் பக்கத்துக்கு 12 டிகிரி என்றால் சரிவின் அகலம் 6 மி.மீ. வரும். அந்தச் சரிவை மரத்தின்மேல் அப்படியே படுக்கவைத்துச் சீவலாம், சாணைக்கல்லின்மேல் படுக்கவைத்துத் தீட்டலாம். கோணத்தைக் கையால் ஊகிக்க வேண்டாம். மரவேலை அதிகம் செய்பவருக்கும், தீட்டக் கற்றுக்கொள்பவருக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் தக்காளியும் வெங்காயமும் அரியும்போது சரிவு முடியும் தோள்பகுதி இடிக்கும். மூன்றாவது குவிசரிவு: பக்கங்கள் லேசாகப் புடைத்து வாயில் சேரும். கோடாரிக்கு வழக்கமானது. அடி தாங்கும், ஆனால் தட்டையான கல்லில் அதே வளைவைத் திரும்பக் கொண்டுவருவது தேர்ந்த கைக்கே வரும். இவை போக, உட்குழிவுச் சரிவு வேட்டைக்கத்திகளில் வரும். தோலுரிக்க நன்றாக இருக்கும், மரத்தில் ஆழமாக இறக்கினால் சிக்கிக்கொள்ளும்.

நீளம் 10 முதல் 11 செ.மீ. போதும். அதற்குமேல் போகப்போக முனை கையிலிருந்து விலகுகிறது. நுணுக்க வேலையில் கட்டுப்பாடு போய்விடும். பெரிய கிளை வெட்ட வேண்டுமானால் 15, 20 செ.மீ. கத்தி வாங்குவதைவிட, 18 செ.மீ. நீள மடக்கு ரம்பம் ஒன்றைச் சேர்த்து எடுத்துப்போவது புத்திசாலித்தனம். மணிக்கட்டுத் தடிமன் கிளையை அது அலட்டலில்லாமல் அறுத்துவிடும். எடையிலும் பெரிய கத்தியைவிடக் குறைவு.

முனை சற்றே கீழிறங்கி, முதுகோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் முடியட்டும். ஊசி மாதிரி மெலிந்த முனை துளைபோடும்போது ஒடியும். டான்டோ போன்ற கோணமுனையில் அரியும் வேலைக்குத் தேவையான வளைவு இல்லை. வாயின் அடிப்பாதியில் ரம்பப்பல் வைத்த அலகு வேண்டாம். கயிறு அறுக்க மட்டுமே அது உதவும்; சீவும்போது விசை கொடுக்கும் இடம் பிடியை ஒட்டிய பகுதிதான், அங்கேயே பல் இருந்தால் சீவல் கிழியும். முதுகில் இருக்கும் ரம்பமும் மரத்தை அறுக்காது, கட்டையால் தட்டும்போது கட்டையைத்தான் குதறும்.

பிடிக்குள் என்ன இருக்கிறது

பிடிக்குள் நுழையும் அலகின் இரும்புக்கு டாங் என்று பெயர். அது எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் இரும்பு ஓடி, இருபக்கமும் தகடு வைத்து ஆணி அடித்தது முழு டாங். இதுதான் மிக உறுதியானது. ஆனால் இது இல்லாத கத்தி எல்லாம் உடைந்துவிடும் என்பது மிகைப்படுத்தல். ஸ்வீடனின் மோரா நிறுவனத்தின் கம்பேனியன் கத்தியில் இரும்பு பிடியின் கடைசிவரை போவதில்லை, 104 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன் கொண்ட அந்த எளிய கத்தியைத்தான் காட்டுக்கலை கற்றுத்தரும் பலர் புதியவர்கள் கையில் கொடுக்கிறார்கள். அதே நிறுவனத்தின் கார்பெர்க், 3.2 மி.மீ. தடிமனில் முழு டாங்கோடு வருகிறது. மரம் பிளக்கும் வேலை அதிகம் என்றால் இரண்டாவது. இல்லையென்றால் முதலாவதே நன்றாக வெட்டும்.

உடையும் கத்தி பெரும்பாலும் உடையும் இடம் ஒன்றுதான்: அலகு குறுகி டாங் ஆகத் தொடங்கும் மூலை. அந்த மூலை கூரான செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு அடியின் அழுத்தமும் அங்கே குவிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். வளைவாகத் திருப்பப்பட்டிருந்தால் அழுத்தம் பரவிவிடும். முழு டாங் கத்தியில் இது வெளியிலேயே தெரியும்; பிடிக்குள் மறைந்த டாங் என்றால் தயாரிப்பாளர் படம் வெளியிட்டிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். உள்ளே தூண்டில்முள்ளும் தீக்குச்சியும் வைக்கக் குழாய்ப்பிடி போட்ட கத்திகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் அலகின் அடியில் ஒரு குட்டை முளை மட்டும் திருகப்பட்டிருக்கும்.

விறகு பிளக்க வேண்டிய கட்டாயம் வந்தால், முறையாகச் செய்தால் 10 செ.மீ. அலகே போதும். 6 செ.மீ. குறுக்களவுக்கு மேற்படாத, கணுவில்லாத கட்டையை எடுங்கள். அதை ஒரு அடிமரத்தின்மேல் நிமிர்த்தி, அலகை மேல்முகத்தில் குறுக்கே வைத்து, முனைப்பக்கம் 3 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். மணிக்கட்டுத் தடிமனுள்ள இன்னொரு கட்டையால் முதுகில் தட்டுங்கள். அலகு உள்ளே போனதும் நீட்டியிருக்கும் முனையில் தட்டுங்கள். கல்லாலும் சுத்தியலாலும் தட்டினால் முதுகு நசுங்கும், அலகு வெடிக்கவும் கூடும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கே: முனையில் தட்டும்போது பிடி மேலே எழும்பும், அதை அடக்குவதற்காகப் பிடியைப் பலமாகக் கீழே அழுத்துவோம். அப்போது அந்த மூலையில் முழு நெம்பு விசையும் விழுகிறது. பிடியைத் தளர்வாக, தரைக்கு இணையாகவே வைத்திருங்கள். கணுவில் மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். கட்டையைத் திருப்பி மறுமுனையிலிருந்து ஒரு மர ஆப்பை இறக்கி வெளியே எடுங்கள்.

பிடி

பிடி சரியில்லாத கத்தியில் நல்ல எஃகு இருந்து ஒரு பயனும் இல்லை. நான்கு விரலும் முழுசாக உட்கார 11 முதல் 12 செ.மீ. நீளம் வேண்டும். குறுக்குவெட்டு முட்டைவடிவமாக இருக்கட்டும். உருண்டையாக இருந்தால் இருட்டிலோ ஈரக்கையிலோ வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. பிடித்தால் விரல்நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மெலிந்த பிடியை இறுக்கிப் பிடித்தே கை சோர்ந்துபோகும், தடித்த பிடி திரும்பும்.

விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி கடையில் கைக்குள் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது ஒரே ஒரு பிடிப்புக்குத்தான் பொருந்தும். மார்போடு வைத்து வெளிப்பக்கம் சீவுவது, தலைகீழாகப் பிடிப்பது, கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்துவது என்று கை மாறும்போதெல்லாம் அந்த மேடுகள் குத்தும். சாதாரணமான, நடுவில் லேசாகப் புடைத்த பிடியே நல்லது. பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. ஒரு குச்சியைப் பத்து நிமிடம் விடாமல் சீவிப் பாருங்கள். உள்ளங்கையில் எங்கே சிவக்கிறதோ அங்கேதான் கொப்புளம் வரப்போகிறது. ஆட்காட்டிவிரலின் அடியிலும், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்திலும் கவனித்துப் பாருங்கள். மரப்பிடியானால் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மைகார்ட்டா எனப்படும் துணி-ரெசின் அட்டை ஈரத்தில் வழுக்குவதில்லை, பல வருடம் உழைக்கும். ஜி10 எனப்படும் கண்ணாடியிழை-ரெசின் தகடு அதைவிடக் கடினம். சொரசொரப்பாக விட்டிருந்தால் கையை அரிக்கும். ரப்பர் கலந்த பிளாஸ்டிக், குளிரிலும் ஈரத்திலும் மிக வசதி, ஆனால் பூச்சிமருந்தும் பெட்ரோலும் பட்டால் சில வகைகள் பிசுபிசுக்கும். மரம் கைக்கு இதமானது. ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வந்தால் சுருங்கி ஆணியருகே இடைவெளி விடும், அந்த இடைவெளியில் தண்ணீர் போய் உள்ளே துரு பிடிக்கும். கறுப்பும் பச்சையும் அழகு என்று வாங்கிக் காய்ந்த சருகில் கீழே வைத்துவிட்டால் தேட வேண்டியதுதான். ஆரஞ்சு நிறப் பிடிக்கு என் ஓட்டு. விரலுக்கு முன்னால் சிறு தடுப்பு இருக்கட்டும், கையை வழுக்கவிடாத அளவுக்கு மட்டும். பெரிய தடுப்பு பலகையில் அரியும்போது இடிக்கும்.

முதுகு நன்றாகச் செங்கோணமாக, மூலை கூராக இருந்தால், தீப்பொறி எழுப்பும் கம்பியான ஃபெரோ ராடை உரச அதுவே போதும். வாயால் உரசினால் கூர் போய்விடும். பூச்சு பூசிய முதுகில் பொறி வராது. வேண்டிய 3 செ.மீ. நீளத்துக்கு மட்டும் சொரசொரப்பான கல்லில் முதுகைத் தட்டையாகத் தேய்த்துப் பூச்சை எடுத்துவிட்டு மூலையைக் கூராக்கிக்கொள்ளுங்கள். உரசும்போது கத்தியை அசைக்காமல் பஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டு, கம்பியைப் பின்னால் இழுங்கள். கத்தியை முன்னால் தள்ளினால், சேர்த்துவைத்த பஞ்சு சிதறிப்போகும்.

எஃகு

முதலில் ஒரு முடிவு: துருப்பிடிப்பதா, துருப்பிடிக்காததா. 1095 போன்ற கார்பன் எஃகில் 0.95 சதவீதம் அளவில் கார்பன், குரோமியம் கிடையாது. எளிதில் தீட்டலாம், நன்றாகக் கூர் ஏறும். வியர்வை, உப்புக்காற்று, எலுமிச்சைச் சாறு பட்டுத் துடைக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் துரு தெரியும். நாள்பட நீலச்சாம்பல் படலம் ஒன்று படியும். அது துரு அல்ல, சிவப்புத் துருவை ஓரளவு தடுக்கும், தேய்த்து எடுக்க வேண்டாம். கற்களை உரசிப் பொறி எடுக்க விரும்புகிறவருக்கும் கார்பன் எஃகு வேண்டும், ஸ்டெயின்லெஸில் வராது.

கடற்கரை, மழைக்காடு, சமையல், பாக்கெட் என்றால் ஸ்டெயின்லெஸ். இதில் சாண்ட்விக் 12சி27 (0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம்), அதைவிடத் துரு எதிர்ப்பில் ஒரு படி மேலான 14சி28என் இரண்டும் நுண்ணிய அமைப்பு கொண்டவை, சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், வாய் சட்டென்று பல் விழாது. முதல் கத்திக்கு இவை போதும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. டி2-வில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகள்களாகப் போய்விடுவதால் அது முழு ஸ்டெயின்லெஸ் அல்ல. கூர் நீடிக்கும், ஆனால் மங்கினால் தீட்ட வைரத்தட்டு வேண்டும், அடித்தால் வாய் சிதறும். எஸ்30வி, 2021இல் வந்த மேக்னாகட் போன்ற தூள் எஃகுகள் அருமையானவை. வைரத்தட்டு கைவசம் உள்ளவருக்குத்தான் அவற்றின் பலன் கிடைக்கும். காட்டில் தீட்ட முடியாத கத்தி, மங்கிய பிறகு வெறும் சுமை.

பெயரைவிடப் பதம் போட்டது முக்கியம். அதே எஃகை ஒருவர் சரியாகச் சூடாக்கித் தோய்த்துப் பதப்படுத்தினால் ஒரு மாதிரி. அவசரமாகச் செய்தால் வேறு மாதிரி. ராக்வெல் சி எனப்படும் கடினத்தன்மை அளவில் 57 முதல் 59 வரை காட்டுப் புழக்கத்துக்கு ஏற்றது. 55க்குக் கீழே வாய் சீக்கிரம் மடங்கும். 61ஐத் தாண்டினால் கணுவில் பட்டால் பல் விழும் வாய்ப்பு அதிகம். விற்பனைக் குறிப்பில் "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த எஃகென்று தெரியவிடாமல் செய்கிறார்கள் என்று பொருள். "440" என்று எழுத்தில்லாமல் போட்டிருந்தாலும் அதேதான்: 440ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம், இரண்டும் இரண்டு வேறு கத்திகள். பல எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்த டமாஸ்கஸ் கோலத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள், நடுவில் வாயாக வரும் எஃகு எது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பாக்கெட்டில் வைப்பது

நிலையான அலகு உள்ள கத்தியை அலுவலகத்துக்கும் கடைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போக முடியாது. மடக்குக்கத்தி அன்றாடத்துக்கு, ஆனால் மரம் பிளக்க, நெம்ப, துளைக்க அல்ல. அதன் முழு பலமும் ஒரு சிறு அச்சாணியிலும் பூட்டிலும் இருக்கிறது. அலகு 6 முதல் 9 செ.மீ., தடிமன் 2 மி.மீ. சுற்றுவட்டாரம், எடை 100 கிராமுக்குள் இருந்தால் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

ஒபினெல் 8ஆம் எண் இந்த வகையில் பார்க்கத்தக்கது: 8.5 செ.மீ. மெல்லிய அலகு, 1955இல் சேர்த்த சுழலும் வளையப் பூட்டு. சமையலுக்கும் சீவலுக்கும் இவ்வளவு மெல்லிய வாய் மடக்குக்கத்திகளில் அரிது. மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும் என்பது அதன் குறை. அச்சருகே மரத்தில் கொஞ்சம் எண்ணெயை ஊறவிட்டால் குறையும். அன்றாடத்தில் வெட்டுவதைவிடத் திருகு, டப்பா, நூல் என்று வேலை அதிகம் என்றால் கத்தரிக்கோலும் சிறு ரம்பமும் உள்ள, மடித்தால் 91 மி.மீ. நீளமுள்ள சுவிஸ் கத்திதான் உண்மையில் பயன்படும். அதன் அலகில் பூட்டு இல்லை. ஆகவே முனையால் குத்தித் துளைக்கும் வேலை செய்யாதீர்கள், அலகு விரல்மேல் மடங்கும். துளைக்க அதற்கென்று பின்பக்க ஊசி இருக்கிறது.

பூட்டுள்ள கத்தியைச் சோதிக்க, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்து, முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஓங்கி அடித்துப் பார்க்க வேண்டாம், நல்ல பூட்டும் கெடும். திறந்த அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. பாக்கெட் பஞ்சும் மணலும் பூட்டு உட்காரும் இடத்தில் சேர்ந்தால் முழுசாகப் பூட்டாது. அவ்வப்போது தூரிகையால் சுத்தம் செய்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

உறை

உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்குங்கள். கத்தி விழுந்தால் வேண்டாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். தோலுறை அழகு, சத்தமில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிடப் பயன்பட்ட பொருள்களும் சேர்ந்து கார்பன் எஃகைக் கறுக்கச் செய்யும். கத்தியை மாதக்கணக்கில் அதற்குள் வைக்காதீர்கள், தனியே எண்ணெய் தடவி வையுங்கள். தோலுறையின் தையலுக்கு உள்ளே ஒரு தோல்பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லையென்றால் வாய் தையலையே அறுக்கும், பிறகு உறையைப் பிடித்திருக்கும் விரலை. கைடெக்ஸ் பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது. மணல் புகுந்தால் அலகில் கீறல் போடும், கழுவினால் சரி.

தீட்டுவது

கத்தியோடு சேர்த்து ஒரு கல்லையும் வாங்குங்கள். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்ற சொரசொரப்பு எண் உள்ள கல் அல்லது வைரத்தட்டு பெரும்பாலான வேலைக்குப் போதும் (எண் கூடினால் கல் நைசு). அடிக்கடி லேசாகத் தீட்டினால் 1000 மட்டும் போதும். பல் விழுந்தால்தான் 400.

கோணம்: காட்டுப் புழக்கத்துக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, சமையலும் அட்டையும் மட்டும் என்றால் 15. டிகிரியைக் கண்ணால் பார்க்க முடியாது, உயரத்தைப் பார்க்கலாம். அலகின் அகலம் 25 மி.மீ. என்றால், முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து 8.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் 20 டிகிரி, 6.5 மி.மீ. என்றால் 15. நாணயங்களை அடுக்கி அந்த உயரத்தை ஒருமுறை கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாயருகே மட்டும் மை அழிந்தால் முதுகு அதிகம் உயர்ந்திருக்கிறது. மேலே மட்டும் அழிந்தால் தாழ்ந்திருக்கிறது, எத்தனை நேரம் தேய்த்தாலும் வாய் கூராகாது. புதியவர்கள் தீட்டித் தீட்டிச் சலித்துப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு பக்கத்தை, மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பும்வரை தீட்டுங்கள். வாய்க்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலை இழுத்தால் பிசிறு தட்டுப்படும். வாயின் நெடுகே விரலை ஓட்டாதீர்கள். எழும்பிய பிறகு மறுபக்கம், அங்கேயும் பிசிறு வரும்வரை. பிறகு பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றிமாற்றி, விசையைக் குறைத்துக்கொண்டே போனால் பிசிறு தேயும். மிச்சமிருப்பதைத் தோல்வாரிலோ, பலகையில் விரித்த செய்தித்தாளிலோ, வாய் பின்னால் வரும்படி பத்துமுறை இழுத்து எடுங்கள். பிசிறோடு நிறுத்தினால் தாள் கிழிக்கும் அளவுக்குக் கூராகத்தான் தெரியும், முதல் குச்சியிலேயே பிசிறு மடங்கி மங்கிப்போகும். புதுக்கத்தியின் ஆலைக்கூர் சில நேரம் பெல்ட்டில் சூடேறிப் பதம் இழந்திருக்கும். முதல் இரண்டு மூன்று தீட்டலில் அந்த மெல்லிய பகுதி போன பிறகே எஃகின் உண்மையான தரம் தெரியும். அதற்குள் கத்தியைக் குறை சொல்லாதீர்கள்.

கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரப்பாக இருக்கும். அதில் அதே கோணத்தில் நான்கைந்து இழுப்பு, தற்காலிகமாக உயிர் கொடுக்கும்.

துடைத்துக் காயவைத்து, மினரல் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாகத் தடவினால் துருவுக்குப் போதும். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். சிவப்புத் துரு வந்துவிட்டால் எண்ணெயும் நுண்ணிய ஸ்டீல் வுல்லும் சேர்த்துத் தேய்த்தால் மேல்துரு போகும். குழிவிழுந்திருந்தால் வாயில் மட்டும் அது இல்லாதபடி தீட்டினால் போதும்.

கையில் எடுக்கும்போது

உட்கார்ந்து சீவும்போது முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, உடலுக்கு முன்னால் வேலை செய்யுங்கள். தொடைகளுக்கு இடையே ஒருபோதும் சீவாதீர்கள். தொடையின் உட்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது, அங்கே வழுக்கினால் உதவி வருமுன் ரத்தம் போய்விடும். கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் யார்மேலும் படக்கூடாது. பிடியின் ஓட்டையில் கயிறு கட்டுவது தண்ணீரில் தொலையாமல் இருக்க நல்லது; ஓங்கி வெட்டும்போது அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள், கை நழுவினால் கத்தி உங்கள் பக்கமே சுழன்று வரும். முதலுதவிப் பையில் அழுத்திக் கட்ட ஒரு பெரிய பேண்டேஜ், கத்தியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள்.

எதை எங்கே வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி மட்டுமே. நாம் இவ்வளவு நேரம் பேசிய பூட்டுக்கத்தியும் உறைக்கத்தியும் அங்கே சிக்கலில் விடும். போகும் இடத்தின் சட்டத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, அதற்கேற்ற கத்தியை எடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். உறையில் போட்டு, தடித்த அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரியின் கையையும் அந்த அட்டைதான் காக்கும்.